வணக்கம் முதலில், சிரிப்பு பிறகு

செக் நாட்டுக்குச் சுற்றிப்பார்க்கவும் படிக்கவும் வேலை பார்க்கவும் புறப்படும் தமிழர்களுக்கு,

செக் நாட்டில் ஒரு கடைக்குள் நுழைபவர் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். பொருள், விலை, கேள்வி எல்லாம் அதற்குப் பிறகுதான். பகல் முழுவதற்கும் பொதுவான சொல் ‘டோப்ரீ டென்’. இருட்டிய பிறகு ‘டோப்ரீ வெச்செர்’. எதையும் வாங்காமல் திரும்பினாலும் ‘நா ஸ்ஹ்லெதனோவ்’ என்று விடைபெற்றுக்கொண்டுதான் வெளியேற வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் இந்த முறையெல்லாம் பில் போடும் இடத்தோடு சரி. ரொட்டிக்கடை, மருந்துக்கடை போன்ற சிறு இடங்களில் வாசற்படியிலேயே தொடங்கிவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டில் எதிர்ப்படும் அண்டைவீட்டாருக்கும், லிஃப்டில் உடன் ஏறும் முன்பின் தெரியாதவருக்கும், ரயிலின் தடுப்பறையில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் வணக்கம் உண்டு. மருத்துவரின் காத்திருப்பறையில் இந்த வழக்கத்தைத் தெளிவாகப் பார்க்கலாம். உள்ளே வருபவர் பொதுவாக எல்லோரையும் பார்த்து ‘டோப்ரீ டென்’ என்பார். இருப்பவர்கள் முணுமுணுப்பாகத் திருப்பிச் சொல்வார்கள். அதன் பிறகு எவ்வளவு நேரமானாலும் யாரும் யாரிடமும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள்.

அந்த வணக்கத்தோடு சிரிப்பும் சேர்ந்து வரும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை. கடைக்காரரும் டிராம் ஓட்டுநரும் அரசு அலுவலகத்தில் இருப்பவரும் முகத்தை இறுக்கமாகத்தான் வைத்திருப்பார்கள். தெரியாதவரைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரிப்பது அங்கே பழக்கத்தில் இல்லாதது. வெளிநாட்டிலிருந்து வந்தவர் அந்த முகத்தைப் பார்த்து ‘முசுடு’ என்று முடிவு கட்டுகிறார். செக் கடைக்காரரோ, வணக்கம் சொல்லாமல் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து ஆங்கிலத்தில் விலை கேட்டவரை மரியாதை தெரியாதவர் என்று நினைக்கிறார். ப்ராக் நகரின் சுற்றுலாத் தெருக்களில் இந்த மனத்தாங்கல் தினமும் நடக்கிறது. ‘டோப்ரீ டென்’, ‘ப்ரோசீம்’, ‘தியெகுயி’, அதாவது வணக்கம், தயவுசெய்து, நன்றி என்ற மூன்றையும் தப்பும் தவறுமாகச் சொன்னாலும் எதிரில் இருப்பவர் கொஞ்சம் இளகிவிடுவார்.

அறிமுகமாகும்போது கைகுலுக்குவது ஆண், பெண் இருவருக்கும் பொதுவான முறை. கண்ணைப் பார்த்துக் குலுக்க வேண்டும். குளிர்காலமானால் கையுறையைக் கழற்றிவிட வேண்டும். பெண்ணும் வயதில் மூத்தவரும் மேலதிகாரியும் கையை முதலில் நீட்டுவார்கள், மற்றவர் காத்திருக்க வேண்டும். 

பேச்சில் ‘நீ’, ‘நீங்கள்’ என்ற வேறுபாடு செக் மொழியிலும் உண்டு என்பதால் தமிழருக்கு இது எளிது என்று தோன்றும். சிக்கலே அங்குதான். தமிழில் வயதைப் பார்த்து ‘நீ’ வந்துவிடுகிறது; ஐம்பது வயதுக்காரர் இருபது வயதுக் கடைப்பையனை ‘நீ’ என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. செக் நாட்டில் அந்தக் கடைப்பையனுக்கும் ‘வி’ என்ற பன்மைதான். வளர்ந்த எவரும், முன்பின் தெரியாதவராக இருக்கும்வரை, ‘வி’. குழந்தைகள், குடும்பத்தார், நண்பர்கள், ஒரே வகுப்பு மாணவர்கள் மட்டும் ‘தி’. பல ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில் பணியாற்றியும் ‘வி’யை விடாதவர்கள் இருக்கிறார்கள், அதில் பகை ஒன்றும் இல்லை. ‘வி’யிலிருந்து ‘தி’க்கு மாறுவது ஒரு சிறு சடங்கு. பெண்ணோ மூத்தவரோ மேலதிகாரியோதான் அதை முன்மொழிய வேண்டும். முன்மொழிந்ததும் இருவரும் கைகுலுக்கித் தங்கள் முதற்பெயரைச் சொல்லிக்கொள்வார்கள். கையில் கோப்பை இருந்தால் அதையும் மோதிக்கொள்வார்கள். ஒருமுறை மாறிவிட்டால் மாறியதுதான். மறுநாள் மறந்துபோய் மறுபடி ‘வி’ என்று அழைத்தால் ஏதோ மனக்கசப்பு என்று பொருளாகும்.

பட்டங்கள் விஷயத்தில் செக் மக்கள் ஐரோப்பாவில் ஆஸ்திரியர்களுக்கு இணையானவர்கள். இருவரும் ஒரே ஹாப்ஸ்பர்க் பேரரசின் கீழ் நூற்றாண்டுக்கணக்கில் இருந்ததன் மிச்சம் அது. பொறியியலிலும் பொருளியலிலும் முதுநிலை முடித்தவர் பெயருக்கு முன்னால் ‘இஞ்செனீர்’ என்ற பட்டம் நிற்கும்; கலை, அறிவியல் முதுநிலைக்கு ‘மகிஸ்டர்’; மருத்துவருக்கும் சட்டம் படித்தோர் பலருக்கும் வெவ்வேறு வகை டாக்டர் பட்டங்கள். வீட்டு அழைப்புமணியின் அருகில்கூட இவற்றைப் பொறித்திருப்பார்கள். பேராசிரியருக்கு முதல் மின்னஞ்சல் எழுதும் மாணவர் வெறும் முதற்பெயரோடு தொடங்கினால் அது நல்ல தொடக்கம் ஆகாது; ‘மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே’ என்ற பொருள் தரும் ‘வாஜெனீ பானே ப்ரொஃபெசொரே’ என்பதே முறை. பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது செக் மொழியில் விளிவேற்றுமை வந்துவிடும். பெட்ர் என்ற ஆளைக் கூப்பிடும்போது ‘பெட்ர்ஷே’ ஆகிவிடுவார். ‘கண்ணன்’ ‘கண்ணா’ ஆவதை அறிந்த தமிழர் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளலாம். பெண்களின் குடும்பப்பெயர் பெரும்பாலும் ‘ஒவா’ என்று முடியும். நோவாக் என்பவரின் மனைவி நோவாகொவா. இந்த விகுதி வேண்டாம் என்று முடிவு செய்யும் உரிமையை 2022 முதல் எல்லாப் பெண்களுக்கும் சட்டம் தந்துவிட்டது. ஆகவே ஒரு பெண்ணின் பெயரை அவர் சொன்னபடியே எழுதுவதுதான் சரி. ‘ஒவா’வை ஒட்டுவதும் வெட்டுவதும் அடுத்தவர் வேலை கிடையாது.

இத்தகைய விதிகளை ஒழுங்காக எழுதிவைத்தவர் யிர்ஜி குத்-யார்கொவ்ஸ்கி. 1894-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு தொடங்கியபோது அதன் முதல் உறுப்பினர்களுள் ஒருவராக இருந்தவர்; பிறகு செக்கொஸ்லோவாக்கியா பிறந்ததும் முதல் குடியரசுத் தலைவர் மசரிக்கின் மாளிகையில் சடங்கு முறைகளுக்குப் பொறுப்பேற்றார். அவருடைய நடத்தை நூல்களின் நிழல் இன்றும் ‘தானெச்னீ’ என்ற நடன வகுப்புகளில் விழுகிறது. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் இலையுதிர்காலத்தில் கோட்டும் நீண்ட கவுனும் அணிந்து மாலை வகுப்புக்குப் போய், வால்ட்ஸ் ஆடுவதோடு கூட்டத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதையும் கற்றுக்கொள்கிறார்கள். அங்கே சொல்லித்தரும் ஒரு விதி வெளிநாட்டவரைக் குழப்பும். மற்ற வாசல்களில் பெண்ணுக்கு வழிவிடும் ஆண், உணவகத்தின் வாசலில் மட்டும் தான் முதலில் நுழைவார். உள்ளே நிலைமை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பெண்ணை அழைத்துப்போவதாகக் கணக்கு.

வீட்டுக்கு அழைப்பு வருவது எளிதில் நடப்பதில்லை. நண்பர்களை உணவகத்தில் சந்திப்பதே வழக்கம். ஆகையால் வீட்டுக்கு வரச் சொன்னால் அதை நெருக்கத்தின் அடையாளமாகவே கொள்ளலாம். செருப்பை வாசலில் கழற்றும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. புதுமை என்னவென்றால், கழற்றிய பிறகு வெறுங்காலோடு உள்ளே போவதில்லை. வாசல் பக்கத்தில் ஒரு அலமாரியிலோ கூடையிலோ விருந்தாளிகளுக்கென்று துணிச்செருப்புகள் அளவுவாரியாக அடுக்கியிருக்கும். ‘பச்கோரி’ என்றும், மொராவியா பக்கம் ‘பாபுச்சே’ என்றும் சொல்வார்கள். பள்ளிக்கூடங்களிலும் பிள்ளைகள் காலணி மாற்றிக்கொண்டுதான் வகுப்புக்குப் போவார்கள். ‘பரவாயில்லை, கழற்ற வேண்டாம்’ என்று வீட்டுக்காரர் சொல்லக்கூடும். அது உபசாரப் பேச்சு. கேட்டுவிட்டுக் கழற்றிவிடுவதே நல்லது. ஓட்டையில்லாத காலுறை அன்றைக்குக் கட்டாயம்.

வெறுங்கையோடு போகக்கூடாது. ஒரு பாட்டில் வைன், சாக்லேட் பெட்டி, அல்லது வீட்டுக்காரிக்குப் பூக்கள் போதும். பூக்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். மூன்று, ஐந்து, ஏழு. இரட்டைப்படை சாவு வீட்டுக்கு உரியது. பூக்கடைக்காரரிடம் இதைச் சொல்லவே வேண்டாம், அவரே எண்ணிக் கொடுத்துவிடுவார். சாமந்தி வகைப் பூக்களைத் தவிர்ப்பது நல்லது; நவம்பர் 2-ஆம் தேதி ஆன்மாக்கள் நினைவுநாளையொட்டிக் கல்லறைகளெல்லாம் அந்தப் பூக்களால்தான் நிறைந்திருக்கும். சொன்ன நேரத்துக்குப் போக வேண்டும். ஐந்து நிமிடம் பிந்தினால் குற்றமில்லை. முன்கூட்டியே போய் நிற்பது வீட்டுக்காரருக்குச் சங்கடம்.

சாப்பிடும் முன் ‘டோப்ரோவ் ஹுத்’, நன்றாகச் சாப்பிடுங்கள், என்று எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள். உணவகத்தில் பக்கத்து மேசைக்காரர்கூடச் சொல்லலாம். மதிய உணவு சூப்போடு தொடங்கும். பிறகு மாவுக்கட்டியாகிய ‘க்னெட்லீக்’ துண்டுகள், குழம்பு, இறைச்சி. சைவம் சாப்பிடுபவர் வீட்டு விருந்துக்குப் போகும் முன்பே அதைச் சொல்லிவைக்க வேண்டும், ஏனெனில் காய்கறி சூப்பின் அடியிலும் எலும்புச்சாறு இருக்கலாம். உணவகத்தில் அவருக்குக் கைகொடுப்பது ‘ஸ்மஜெனீ சீர்’ என்ற பொரித்த பாலாடைக்கட்டி, அல்லது உள்ளே பிளம், ஏப்ரிகாட் வைத்து வேகவைத்த இனிப்பு உருண்டை. சாப்பாட்டுக்குப் பதிலாகவே அந்த இனிப்பைச் சாப்பிடுவது அங்கே இயல்பு. காபி ‘துரெக்’ என்று வந்தால் பொடியின் மேல் வெந்நீரை ஊற்றி அப்படியே கொடுத்திருக்கிறார்கள் என்று அறிக. வண்டல் அடியில் தங்கும்வரை பொறுத்திருந்து குடிக்க வேண்டும். கடைசி வாயைக் கோப்பையிலேயே விட்டுவிட வேண்டும்.

செக் மக்களின் இறுக்கம் தளரும் இடம் பீர் கடை. தலைக்கு ஆண்டுக்கு 120 லிட்டருக்கு மேல் பீர் குடிக்கும் நாடு. இந்தக் கணக்கில் உலகில் முதலிடத்தில் நீண்ட காலமாக இருந்துவருகிறது. இன்று உலகெங்கும் ‘பில்ஸ்னர்’ என்று விற்கும் வெளிர்பொன் நிற பீர் 1842-இல் ப்ல்சென் நகரில் பிறந்தது. ‘ஹொஸ்போதா’ எனப்படும் இந்தக் கடைகளில் வழக்குரைஞரும் கொத்தனாரும் ஒரே நீள மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். காலி நாற்காலி இருந்தால் ‘யெ டு வோல்னோ?’, இடம் காலியா, என்று கேட்டுவிட்டு உட்காரலாம். மேசைமேல் ‘ரெசர்வே’ என்ற அட்டை இருந்தாலோ, மூலையில் வழக்கமான வாடிக்கையாளர்களின் மேசையாகத் தெரிந்தாலோ அங்கே போகக்கூடாது.

அங்கே பணியாளரைக் கைதட்டியோ விரலைச் சொடுக்கியோ கூப்பிடுவது பெரிய அவமரியாதை. கூப்பிட வேண்டிய தேவையும் குறைவு. உட்கார்ந்து, வட்ட அட்டையைத் தன் முன் இழுத்துவைத்தாலே பீர் வேண்டும் என்று பொருள். அரை லிட்டர் கண்ணாடிக் குவளை நுரையோடு வரும். பணியாளர் ஒரு நீளக் காகிதச் சீட்டில் ஒரு கோடு போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போவார். குவளைக்கு ஒரு கோடு, அதுதான் பில். அந்தச் சீட்டைத் தொலைக்கக்கூடாது, அதில் கிறுக்கவும் கூடாது. பழைய பாணிக் கடைகளில் குவளை காலியாகும் தருவாயில் அடுத்தது கேட்காமலே வந்து இறங்கும், இன்னொரு கோடும் ஏறும். போதும் என்பவர் அதற்கு முன்பே வாய்திறந்து சொல்லிவிட வேண்டும். பட்டியலில் 10, 12 என்று இருக்கும் பாகைகள் மதுவின் சதவீதத்தைக் குறிப்பதில்லை. நொதிக்கும் முன் கரைசலில் இருந்த சத்தின் அளவு அது. 12 பாகை பீரில் மது சுமார் 5 சதவீதம்தான்.

குடிக்கும் முன் ‘நா ஸ்ட்ராவீ’ என்று குவளைகளை மோதிக்கொள்ளும்போது ஒவ்வொருவரின் கண்ணையும் பார்க்க வேண்டும். ஒருவர் கைக்குக் குறுக்கே இன்னொருவர் கை போகக்கூடாது. மோதிய பிறகு குவளையை மேசையில் ஒரு தட்டுத் தட்டிக் குடிப்பவர்களும் உண்டு. பழைய குவளையின் மிச்சத்தைப் புதியதில் ஊற்றுவதைப் பார்த்தால் செக் நண்பரின் முகம் கோணிவிடும். மது அருந்தாதவர் மது நீக்கிய பீரையோ, 1960 முதல் விற்கும் ‘கொஃபோலா’ என்ற உள்நாட்டுக் குளிர்பானத்தையோ தயங்காமல் கேட்கலாம். வண்டி ஓட்ட வேண்டும் என்று சொன்னால் மறுபேச்சே இருக்காது. ஓட்டுநரின் இரத்தத்தில் மது துளியும் இருக்கக்கூடாது என்பது சட்டம். உணவகங்களுக்குள் புகைபிடிப்பது 2017 மே 31 முதல் தடை.

பணம் கொடுக்கும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ‘ஸப்லட்யீம்’ என்றதும் பணியாளர் கோடுகளைக் கூட்டி, சேர்த்தா தனித்தனியா என்று கேட்பார். நண்பர்கள் ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கொடுப்பது சாதாரணம். ஒருவரே எல்லோருக்கும் கொடுத்தாக வேண்டும் என்ற கௌரவப் பிரச்சினை அங்கே எழுவதில்லை. ஆனால் ‘நான் அழைக்கிறேன்’ என்று சொல்லிக் கூட்டிப்போனவர்தான் பில்லைக் கட்ட வேண்டும். டிப்ஸை மேசையில் விட்டுப்போவதைவிட, கொடுக்கும் தொகையை வாய்விட்டுச் சொல்வதே முறை. 367 கொருனா ஆகியிருந்தால் 500 தாளை நீட்டி ‘400’ என்றால் மீதி 100 திரும்பி வரும். கிட்டத்தட்ட பத்து சதவீதம் போதும். உபசரிப்பு சரியில்லை என்றால் கொடுக்காமலும் இருக்கலாம்.

டிராமிலும் மெட்ரோவிலும் முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இளையவர்கள் உடனே எழுந்து இடம்விடுவார்கள். எழாதவரை மற்றவர்கள் பார்வையாலேயே எழுப்பிவிடுவார்கள். உரக்கப் பேசுவது, ஸ்பீக்கரில் வீடியோ பார்ப்பது இரண்டும் எரிச்சல் மூட்டும். நகரும் படிக்கட்டில் வலப்பக்கம் நிற்க வேண்டும். காகிதச் சீட்டை வாங்கினால் மட்டும் போதாது, டிராமில் ஏறியதும், மெட்ரோவில் ஏறும் முன்பே இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும். பரிசோதகர்கள் சாதாரண உடையில் வந்து வில்லையைக் காட்டுவார்கள். நாய்கள் ரயிலிலும் உணவகத்திலும் சகஜமாக இருக்கும், பயந்து கூச்சலிட வேண்டாம். குடியிருப்புகளில் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி காக்க வேண்டும். மசாலா மணத்தைவிட மாடியிலிருந்து வரும் நடனப் பாட்டுத்தான் போலீசை வரவழைக்கும்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் நகரங்கள் காலியாகத் தொடங்கும். ஏராளமான குடும்பங்களுக்குக் கிராமத்திலோ காட்டோரத்திலோ ‘ஹதா’ என்ற சிறு வார இறுதி வீடு உண்டு. அங்கே அழைக்கப்படுபவர் விருந்தாளியாக உட்கார்ந்தே இருக்கக்கூடாது. விறகு சுமப்பது, தீ மூட்டி அதில் தொத்திறைச்சி சுடுவது எல்லாவற்றிலும் கைகொடுக்க வேண்டும். மலையேற்றப் பாதைகளில் எதிரில் வரும் யாருக்கும் வணக்கம் உண்டு. நகரத் தெருவில் கண்டுகொள்ளாமல் போகும் அதே மனிதர் காட்டில் ‘டோப்ரீ டென்’ என்றோ, நட்பாக ‘அஹோய்’ என்றோ சொல்லிப்போவார். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் பட்டைகளால் மரங்களில் வழிகாட்டும் பாதைகளை 1888-இல் தொடங்கிய செக் மலைநடைச் சங்கம்தான் இன்றும் பராமரிக்கிறது.

காட்டில் காளான் பறிப்பது இந்த நாட்டின் பொழுதுபோக்குகளில் தலையாயது. காடு யாருடையதாக இருந்தாலும் தன் தேவைக்குக் காளானும் பெர்ரியும் பறித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. கோடை மழைக்குப் பிறகு விடியற்காலையிலேயே கூடையும் சிறு கத்தியுமாகக் கிளம்பிவிடுவார்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் காளான் புழுங்கிக் கெட்டுவிடும் என்பதால் கூடைதான் முறை. தண்டை அறுப்பதா, திருகி எடுப்பதா என்ற வாதம் தலைமுறைகளாக ஓய்ந்தபாடில்லை. அதில் புதிதாக வந்தவர் பக்கம் சேராமல் இருப்பது உத்தமம். தெரியாத காளானைக் காலால் எத்திச் சிதைக்கக்கூடாது, பறிக்கவும் கூடாது. எதிர்ப்படுபவரின் கூடையை எட்டிப்பார்த்துப் பாராட்டலாம். எங்கே கிடைத்தது என்று மட்டும் கேட்கக்கூடாது. சொந்த மருமகனுக்கே அந்த இடத்தைச் சொல்லாத மாமனார்கள் உண்டு.

நாடகத்துக்கும் ஓபராவுக்கும் நல்ல உடையில் போக வேண்டும். மேல்கோட்டை அரங்கத்துக்குள் எடுத்துப்போகாமல் பாதுகாப்பறையில் கொடுத்துவிட வேண்டும். வரிசைக்குள் நுழையும்போது உட்கார்ந்திருப்பவர்களுக்கு முகத்தைக் காட்டியபடி நகர வேண்டும். முதுகைக் காட்டிப் போவது தவறு.

செக் நாள்காட்டியில் ஏறக்குறைய ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பெயர் உண்டு. மார்ச் 19 என்றால் யோசெஃப்களின் நாள். அன்று அந்தப் பெயருள்ள சக ஊழியருக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும், பெண்ணானால் ஒரு பூ கொடுக்கலாம். ஈஸ்டர் திங்கட்கிழமை முன்னறிவிப்பு இல்லாதவரைத் திகைக்கவைக்கும். அன்று காலை ஆண்களும் பையன்களும் வில்லோக் குச்சிகளைப் பின்னிய ‘பொம்லாஸ்கா’வோடு வீடுவீடாகப் போய்ப் பெண்களின் காலில் லேசாகத் தட்டி, வண்ணம் தீட்டிய முட்டையும் பெரியவர்களானால் ஒரு வாய் சாராயமும் பெற்றுவருவார்கள். பெண்கள் ஆண்டு முழுவதும் நலமாக இருப்பார்கள் என்பது பழைய நம்பிக்கை. இன்று இதை விரும்பாத பெண்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். விருந்தாளி தானாகக் குச்சியை எடுக்காமல், அந்த வீட்டார் செய்வதைப் பார்த்து நடப்பதே சரி. கிறிஸ்துமஸில் முக்கியமான நாள் டிசம்பர் 24 மாலை. அதற்குச் சில நாள் முன்பே தெருமுனைகளில் தொட்டி வைத்துக் கெண்டை வகை மீனை உயிரோடு விற்பார்கள். பொரித்த அந்த மீனும் உருளைக்கிழங்கு சாலடும் அன்றைய விருந்து. பரிசுகளைக் கொண்டுவருபவர் ‘யெஜீஷெக்’ என்ற குழந்தை இயேசு. குடும்பத்தார் மட்டும் கூடும் மாலை அது. பெரிய கடைகள் அன்று மதியத்தோடு அடைத்துவிடும், அடுத்த இரண்டு நாளும் திறக்காது.

பேச்சில் சில இடங்களில் கவனம் வேண்டும். செக் நாட்டைக் ‘கிழக்கு ஐரோப்பா’ என்றால் நடு ஐரோப்பா என்று திருத்துவார்கள்; ப்ராக், வியன்னாவைவிட மேற்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். செக்கொஸ்லோவாக்கியா 1993 ஜனவரி 1-இல் இரண்டாகப் பிரிந்துவிட்டது. இன்னும் அந்தப் பெயரைச் சொல்வது பொருந்தாது. 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையில் படைகள் நுழைந்ததும், 1989 நவம்பர் வரை நீடித்த கம்யூனிஸ்ட் ஆட்சியும் பல குடும்பங்களில் ஆறாத காயங்கள். தமிழ் இலக்கியத்தை மேற்குலகுக்கு எடுத்துச்சொன்ன ப்ராக்கின் கமில் சுவெலெபிலும் அந்தப் படையெடுப்புக்குப் பிறகு பணிக்காலத்தை வெளிநாடுகளில் கழித்தவர்தான். அவர்களாகப் பேசினால் கேட்டுக்கொள்ளலாம். வந்தவர் தீர்ப்புச் சொல்லக்கூடாது. சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, எந்த மதம் என்ற கேள்விகளும் வேண்டாம். பெரும்பாலானோர் எந்தத் திருச்சபையையும் சேராதவர்கள்.

‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்ற கேள்வியைச் செக் மக்கள் உண்மைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்வார்கள். முதுகுவலி, வானிலை, அரசாங்கம் என்று பதில் நீளும். சிறப்பாக இருப்பதாகச் சொல்பவர் மேல் லேசான சந்தேகம்கூட வரும். தம்மையும் தம் நாட்டையும் அவர்கள் கேலி செய்துகொள்வது வழக்கம். வந்தவர் அதில் சேர்ந்து சிரிக்கலாம், தானாகத் தொடங்கக்கூடாது. 2005-இல் தொலைக்காட்சி நடத்திய ‘மிகப் பெரிய செக் மனிதர்’ வாக்கெடுப்பில் மக்கள் யாரா சிம்ர்மன் என்பவருக்கு வாக்குகளைக் குவித்தார்கள். வடதுருவத்தை ஏழு மீட்டரில் தவறவிட்டதாகச் சொல்லப்படும் மேதை அவர். 1960-களில் வானொலியும் நாடகக் குழுவும் சேர்ந்து உருவாக்கிய கற்பனைப் பாத்திரம். கற்பனை ஆள் என்பதால் பட்டியலிலிருந்து நீக்கினார்கள், மக்களுக்கு அதில் இன்றுவரை வருத்தம். சிம்ர்மனைப் பற்றி முகத்தைத் துளியும் அசைக்காமல் விளக்கும் செக் நண்பரிடம், அதே முகத்தோடு அடுத்த கேள்வியைக் கேட்பவரை அவர் மறுநாள் மேசைக்கு அழைத்துக்கொள்வார்.